டிவிய மொனிட்டரா போடுறத பத்தி மகனுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுறது,

ரூம்ல கூட இருந்த பொடியன் கட்டாருக்கு போறப்ப அந்த 43 இன்ச் டிவிய ஒன்கிட்டயே விட்டுட்டு போறான்னு சொன்னியே, அத லெப்டொப்புக்கு ரெண்டாவது ஸ்க்ரீனா போடவா இல்ல வித்துட்டு மொனிட்டர் எடுக்கவான்னு கேட்ட. போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வெச்சிருவ, அதான் வாட்ஸ்அப்ல நீட்டா எழுதுறேன். விக்காத. ஆனா அத நம்பி நாள் பூரா எக்செல் அடிக்கலாம்னும் நெனைக்காத.

நம்ம போர்ம் அடிச்சு பிரிண்ட் போட்டு குடுக்குற கொமினிகேஷன் கடையில செவத்துல டிவி மாட்டியிருக்கேன்ல, அது நான் பாக்க இல்ல, முன்னுக்கு நிக்கிறவங்க பாக்க. தோட்டத்து ஆளுங்க பேரு பர்த் சேர்டிபிகட்ல ஒரு மாதிரி, ஐடென்டிட்டி கார்ட்ல ஒரு மாதிரி இருக்கும், போர்ம் அடிக்கிறப்ப நம்மளும் ஒரு எழுத்த மாத்தி போட்டா அதுங்க மறுபடி கிராம சேவகர் ஜிஎஸ்கிட்ட, கச்சேரின்னு சொல்ற மாவட்ட ஆபீசுக்குன்னு அலையணும். அன்னைக்கு மேல் டிவிசன் பாட்டி ஒன்னு பேத்தியோட வந்துச்சு, பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது, பேத்தி டிவிய பாத்துக்கிட்டே நின்னுச்சு, "அக்கா கடைசில எச் ஒன்னு கூட இருக்கு"ன்னுச்சு, பிரிண்ட் போட முன்னாடியே திருத்தியாச்சு. அதுக்குத்தான் ரெண்டாவது ஸ்க்ரீன்.

விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் சேத்து அமுக்கு, எப்புடி காட்டணும்னு கேக்கும். டூப்ளிகேட் போடாத, எக்ஸ்டென்ட் போடு. டூப்ளிகேட்ல ரெண்டுலயும் ஒரே படம், என் கடையில அப்புடி போட்டா ஒருத்தரோட பேங்க் பேப்பர லைன்ல நிக்கிற அத்தன பேரும் வாசிப்பாங்க. எக்ஸ்டென்ட்ல காட்ட வேண்டியத மட்டும் அந்தப்பக்கம் இழுத்து விடலாம். பொறவு டிஸ்பிளே செட்டிங்ஸ்ல 1, 2ன்னு ரெண்டு பொட்டி இருக்கும், டிவி ஒனக்கு எடது பக்கமா இருந்தா அந்த பொட்டியையும் எடது பக்கம் இழுத்து வை, இல்லாட்டி மவுஸ் எந்தப்பக்கம் ஓடுதுன்னே தெரியாம மண்ட காயும்.

இனி எழுத்து மங்கலா தெரியுற கத. டிவி செஞ்சதே தூரத்துலருந்து பாக்க. 1982ல அரசாங்க டிவி ரூபவாஹினி வந்த காலத்துல டிவி உள்ள வீட்டு வாசல்ல நின்னு எட்டி பாத்தவங்கதான் நாங்க எல்லாம், கிட்ட போக எங்க எடம். 24 இன்ச் ஃபுல் எச்டி மொனிட்டர்லயும் 1920க்கு 1080 புள்ளிதான், 43 இன்ச் ஃபுல் எச்டி டிவிலயும் அதே புள்ளிதான், ஒன்னொன்னும் பெருசாகி கெடக்கும், மேசையில கிட்ட வெச்சு வாசிச்சா கண்ணு வலிக்கத்தான் செய்யும். ஒன்னோடது அத விட நாலு மடங்கு புள்ளி உள்ள 4கேன்னா எழுத்து நல்லா வரும், ஆனா லெப்டொப்ல டிவி வயர் குத்துற எச்டிஎம்ஐ பழைய 1.4ஆ இருந்தா 4கேல செக்கனுக்கு 30 படந்தான் போகும், மவுஸ் இழுத்து இழுத்து வரும். 60 வேணும்னா ரெண்டு பக்கமும் 2.0 இருக்கணும்.

ஓரத்துல டாஸ்க்பார் வெட்டுப்பட்டு தெரிஞ்சா அது ஓவர்ஸ்கேன், லெப்டொப்ப நோண்டாத, டிவி ரிமோட்ல பிக்சர் சைஸ்ல ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட்ன்னு ஏதாச்சும் இருக்கும், அத போடு. அந்த எச்டிஎம்ஐக்கு பேரு மாத்துற எடத்துல பிசின்னு குடுத்தா சில டிவில எழுத்து பளிச்சுன்னு ஆயிரும், கலர் எழுத்து ஓரத்துல கலங்கி தெரியுறதும் போயிரும். ஷார்ப்னஸ கொற. டைப் பண்ற எழுத்து லேட்டா வந்தா கேம் மோட் போடு, கேம் வெளையாடுறவனுக்கு மட்டுந்தான் அதுன்னு நெனைக்காத. சத்தம் டிவிக்கு ஓடிப்போச்சுன்னா சவுண்ட் செட்டிங்ஸ்ல ஸ்பீக்கர மாத்து, அவ்ளோதான். வயர் இல்லாம விண்டோஸ் பட்டனும் கேயும் அமுக்கியும் காட்டலாம், ஃபோட்டோ பாக்க பரவால்ல, வேலைக்கு சரிவராது.

ஆக நீ எழுதுறது லெப்டொப்லயே இருக்கட்டும். பாத்து அடிக்கிற பில்லு, சூம் மீட்டிங், அந்த மாதிரி சாமான டிவிக்கு தள்ளு. டிவிய மேசையில கிட்ட வெக்காம கொஞ்சம் தள்ளி வை.

இத மட்டும் கவனமா கேளு. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேரத்துல இடி இடிக்கிறது இங்க மட்டும் இல்ல, கொழும்புலயும்தான். டிவிக்கு டிஷ் வயரும் குத்தி, எச்டிஎம்ஐயும் குத்தியிருந்தா, டிஷ்ல வாங்குன மின்னல் டிவியோட நிக்காது, வயர் வழியா லெப்டொப்புக்கும் வந்துரும். சுவிட்ச் ஓஃப் பண்ணா போதாது, ப்ளக்க கழட்டு, டிஷ் வயர கழட்டு, எச்டிஎம்ஐயையும் கழட்டு. லெப்டொப் ஒடம்ப தொடுறப்ப சுர்ர்ருன்னு இருந்துச்சுன்னா எர்த் சரியில்ல, ரூம் சொந்தக்காரர்கிட்ட சொல்லி ஆள கூட்டியாந்து பாக்கச் சொல்லு, வெக்கப்படாத.

அப்பாவுக்கு இருமல் கொறஞ்சிருச்சு, பனிக்கு தொப்பி போடச்சொன்னா கேக்குறதில்ல.

தீபாவளிக்கு வர்றப்ப புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்னு வாங்கிட்டு வா, இங்க ஹட்டன்ல கேக்குற வெல அநியாயம். 10 மீட்டர் வேணாம், மலிவு வயர் அவ்ளோ நீளத்துக்கு படத்த ஒழுங்கா கொண்டு வராது.

அம்மா