சொந்தக் காரணமா, ஆட்குறைப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.டி. கம்பெனிகளில் ஆள் குறைத்தால் செய்தி முதல் பக்கத்தில் வருகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னபோது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் வேலை போனால் அந்தத் தெருவைத் தாண்டி யாருக்கும் தெரிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஓர் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் அலுவலகப் பிரிவில் இருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றிய பிறகு ஷிப்மெண்ட் தள்ளிப்போனதும், ஸ்டிச்சிங் லைன்கள் சும்மா நின்றதும் எங்கள் கண்முன்னே நடந்தவை. ஆர்டர் இல்லாத முதலாளியிடம் எல்லோருக்கும் வேலை கொடு என்று சண்டை போட முடியாது. அது எங்களுக்கும் புரிகிறது.

ஆனால் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? “லிஸ்ட் ரெடியாம்” என்று கம்பெனி பஸ்ஸில் ஒரு பேச்சு, டீக்கடையில் வேறொரு பேச்சு. மேலே கேட்டால், “அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, வேலையைப் பாருங்க” என்கிறார்கள். அப்புறம் ஒருநாள் யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, “உங்க வேலையை இந்தப் பையனுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க” என்பார்கள். அவ்வளவுதான், அவருக்குச் சங்கதி விளங்கிவிடும். சோளிங்கர், ஆற்காடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகளிர் குழுவில் கடன் வாங்கியிருக்கிறார்கள். உடம்பு முடியாவிட்டாலும் லீவு போடப் பயப்படுகிறார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் மனம்விட்டுப் பேசக்கூட யாருக்கும் தைரியம் இல்லை. யார் போய் எதைச் சொல்வார்களோ!

கடைசியில் ஹெச்.ஆர். அறையில் டைப் அடித்துத் தயாராக ஒரு கடிதம் இருக்கும். ‘சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்.’ கையெழுத்துப் போட்டால் செட்டில்மென்ட் சீக்கிரம், நல்ல எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட். போடாவிட்டால், வேலை சரியில்லை என்று எழுத வேண்டி வரும் என்பார்கள். அடுத்த வேலையை நினைத்து யாராக இருந்தாலும் போட்டுவிடுவார்கள்.

அந்த ஒரு கையெழுத்தில் என்ன போகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் இருந்த பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், காரணத்தோடு ஒரு மாத எழுத்துமூல நோட்டீஸ் தர வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 12 வருடம் உழைத்தவருக்கு அது 180 நாள் சம்பளம். பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்ற முறையும் உண்டு. ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இதில் எதையும் கேட்டு வாங்குவது கஷ்டம். கேட்டால் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை, வேலையை விட்டுப் போகும்போது தர வேண்டிய கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) ஏதோ கருணைத் தொகை மாதிரி காட்டுவது. ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் அது அவருக்குச் சேர வேண்டிய பணம். பி.எஃப். பணமும் அப்படியே.

அதிகச் சிக்கல் எங்களைப் போன்ற நடுத்தட்டு ஆட்களுக்கு. மேற்பார்வை வேலையில் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் புதிய சட்டத்தில் ‘தொழிலாளி’ கணக்கிலேயே வரமாட்டோம். சூப்பர்வைசர் ஆன அன்றைக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு இது தெரியாது. அரசு அனுமதி வாங்கித்தான் ஆள் குறைக்க வேண்டும் என்ற விதியும் முன்பு 100 பேர் இருந்த தொழிற்சாலைக்கே பொருந்தியது. இப்போது 300 பேர் இருந்தால்தான்.

சட்டத்தை மாற்றச் சொல்லும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. தொழிலாளர் துறை ஒன்று செய்யலாம். ஒரே மாதத்தில், ஒரே கம்பெனியில், இத்தனை பேருக்கு ஒரே வாசகத்தில் எப்படிச் சொந்தக் காரணம் வந்தது என்று ஃபைலை வாங்கிப் பார்க்கலாம். போனவர்களைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கலாம். நிர்வாகங்களும் எத்தனை பேர், எந்தப் பிரிவு, எப்போது என்பதை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடலாம். கெட்ட செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, வேறு இடம் தேடவாவது அவகாசம் கிடைக்கும்.

என் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வாலாஜாபேட்டை.