பாதரசம் செலவாவதில்லை

ஆசிரியருக்கு,

காஸ்டிக் சோடா ஆலைகள் பாதரசத்தைக் கைவிடுவது பற்றிய தங்கள் கட்டுரையில், உற்பத்தியில் பாதரசம் 'செலவாகிறது' என்று வந்திருந்தது. செலவாவதில்லை, சிக்கலே அதில்தான் இருக்கிறது.

உப்புநீரை மின்சாரத்தால் பிரிக்கும் தொட்டியான செல்லின் சரிவான எஃகுத் தளத்தில் மெல்லிய படலமாக ஓடும் பாதரசம், உப்புநீரிலிருந்து பிரியும் சோடியத்தை வாங்கி ரசக்கலவையாகிறது. கிராஃபைட் துண்டுகள் நிரப்பிய டீகம்போசரில் (ரசக்கலவையைப் பிரிக்கும் கலன்) அந்தச் சோடியம் தண்ணீரோடு வினைபுரிய, ஹைட்ரஜனும் 50 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலும் கிடைக்கின்றன. பாதரசம் செல்லுக்கே திரும்புகிறது. எடை குறைந்தால் அது ஹைட்ரஜனிலோ, காஸ்டிக்கிலோ, உப்புநீரைத் தூய்மையாக்கும்போது படியும் சேற்றிலோ, தரை வெடிப்பிலோ இருந்தாக வேண்டும்.

இவற்றில் ஹைட்ரஜன் பொல்லாதது. 80 டிகிரி செல்சியஸில் பாதரச ஆவி நிறைந்த வாயு, கன மீட்டருக்குச் சுமார் 800 மில்லிகிராம் சுமந்து வரும். 20 டிகிரிக்குக் குளிரவைத்தாலும் 13 மில்லிகிராம் தங்கிவிடும். ஆகவே குளிரூட்டிக்குப் பின் கந்தகம் ஏற்றிய கரி தேவை. அது பாதரசத்தைச் சல்பைடாகக் கட்டிவிடும். வெறும் கரி பிடித்ததைச் சூட்டில் விட்டுவிடும். வாயு ஈரமாக வந்தால் நல்ல கரியும் துளை அடைத்து வீணாகும். காஸ்டிக்குக்குக் கரிப் பூச்சிட்ட வடிகட்டி போதும்.

உப்பின் தூய்மையையும் கவனிக்க வேண்டும். கால்சியத்தைச் சோடா சாம்பலாலும் மக்னீசியத்தைக் காஸ்டிக்காலும் முன்பே படியவிடாவிட்டால், இரும்போடு சேர்ந்து பாதரசத்தின்மேல் வெண்ணெய் மாதிரி திரளும். செல்லைத் திறந்து அதை வழிக்கும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும். வனேடியம் என்ற உலோகம் துளி கலந்தாலும் ஹைட்ரஜன் செல்லிலேயே உருவாகி குளோரினோடு சேரும். அந்தக் கலவை வெடிக்கக்கூடியது.

சேற்றில் உள்ள பாதரசத்தைச் சோடியம் சல்பைடு போட்டுக் கட்டுகிறார்கள். 'கூடப் போட்டால் கூட நல்லது' என்று அள்ளிப் போடுவது தவறு. காரம் மிகுந்த கரைசலில் உபரி சல்பைடு, படிந்த பாதரச சல்பைடை மீண்டும் கரைத்துவிடும்.

மீட்ட பாதரசத்தைத் தூய்மையாக்குவதில் வரிசை முக்கியம். முதலில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் கழுவி, அதன்பிறகே வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்க வேண்டும். வரிசை மாறினால் துத்தநாகமும் காட்மியமும் ஆவியோடு கூடவே வந்துவிடும். சிந்திய இடத்தில் கந்தகப் பொடி தூவுவதோடு வேலை முடியாது. துளியின் மேல்தோல்தான் சல்பைடாகும், உள்ளே பாதரசம் அப்படியே கிடக்கும். உறிஞ்சி எடுத்த பிறகுதான் பொடி.

பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை இந்த முறைக்கு 2025ஐக் கெடுவாக வைத்தது. மூடிய ஆலையிடம் நிருபர்கள் இரண்டு எண்களையாவது கேட்டிருக்கலாம்: தொடங்கிய நாள்முதல் வாங்கிய பாதரசம் எத்தனை கிலோ, மூடிய அன்று இரும்புக் குடுவைகளில் நிரப்பியது எத்தனை கிலோ?

இப்படிக்கு,
வேதிப் பொறியாளர்கள் சிலர்,
தூத்துக்குடி