பத்து முதல் ஐந்து வரை ஓர் இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே புதிதாகச் சொல்ல அதிகமில்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ஓய்வு பெற்றதிலிருந்து தூக்கமும் என்னோடு பேசுவதில்லை. அதனால் இரவில் நெடுநேரம் பாட்டுக் கேட்கிறேன்.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பது அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸின் முதல் ஆல்பமான ‘க்ளோசிங் டைம்’. 1973-இல் வந்தது. தொண்டையில் சரளைக் கல் வைத்திருப்பவர் என்று நீ அவரை என்றோ ஒதுக்கிவிட்டாய். அந்தக் குரல் பிற்பாடு வந்ததப்பா. இதில் பாடுவது இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கிற பையன். லேசான கரகரப்பு உண்டு, ஆனால் மெட்டுக்கு அடங்கியே நடக்கிறது. பியானோ, அடியில் பாஸ், அங்கங்கே ஒரு ட்ரம்பெட். மதுக்கூடத்தில் விளக்கை அணைக்கப் போகிறார்கள், இவனுக்கு எழுந்து போக மனமில்லை. ஏறக்குறைய முழு ஆல்பமும் அந்த மனநிலைதான்.

இதில் ஒரு வேடிக்கை கேள். லாஸ் ஏஞ்சல்ஸில் சன்செட் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் இரவு நேரம் கிடைக்கவில்லை. அதனால் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை உட்கார்ந்து பதிவு செய்தார்கள். சுத்தமான அலுவலக நேரம்! நாமும் காலமெல்லாம் அதே பத்து முதல் ஐந்து வரை உட்கார்ந்தோம், கோப்புகள்கூட ஒழுங்காக நகரவில்லை. தயாரிப்பாளர் ஜெர்ரி யெஸ்டருக்கு நாட்டுப்புறச் சாயல் வேண்டும், வெயிட்ஸுக்கு ஜாஸ் வேண்டும். அந்த இழுபறி ஆல்பத்துக்கு நல்லதாகவே முடிந்தது என்பேன். ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்திருந்தால் இந்த ஆல்பம் இவ்வளவு நாள் நின்றிருக்காது.

‘மார்த்தா’ என்ற பாட்டை மட்டுமாவது கேள். ஒரு கிழவர் தொலைபேசி இணைப்பகத்தில் எண் கேட்கிறார். வெளியூர் அழைப்பு. எதிர்முனையில் இருப்பவள் நாற்பது வருஷத்துக்கு முந்தைய காதலி. தன் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார், செலவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்கிறார். கணவர் சௌக்கியமா, பிள்ளைகள் சௌக்கியமா, எனக்கும் கல்யாணம் ஆயிற்று என்று ஊர்ப்பட்ட விசாரிப்பு. அவள் என்ன பதில் சொன்னாள் என்பது நமக்குக் கேட்பதே இல்லை. சௌக்கியம் விசாரிக்கிற அந்த வரிகள்தான் என்னை உலுக்கின. மனதில் இருப்பதைச் சொல்வதற்கு முன் மனிதன் எவ்வளவு சுற்றி வளைக்கிறான் பார்! அதை இருபதுகளில் இருக்கிற ஒருவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

‘சோகத்தை அனுபவித்தவன்தான் எழுத முடியும்’ என்று நீ அடிக்கடி சொல்வாயே, அதற்கு என் பதில் இந்தப் பாட்டு. நாற்பது வருஷப் பிரிவு அவன் வாழ்ந்ததில்லை, வாழ்ந்திருக்கவும் முடியாது. முதுமையைக் கற்பனையிலேயே கட்டியிருக்கிறான், நடுப்பகலில் நள்ளிரவைக் கட்டியதைப் போலவே. அதற்காக அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிஜமாகவே நாற்பது வருஷத்தைக் கடந்தவர்கள் நாம், நமக்கே அது பொருந்துகிறதே.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். ‘ஐஸ்கிரீம் மேன்’ துள்ளிக் குதித்துக்கொண்டு நடுவில் வருகிறது, எனக்கு ஒட்டவில்லை. ஆல்பத்தின் பெயரையே தாங்கிய கடைசி உருப்படியில் வார்த்தைகளே இல்லை, வாத்தியங்கள் மட்டும். பாடகன் தன் முதல் ஆல்பத்தைத் தன் குரலில்லாமல் முடிப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

முதல் பாட்டு ‘ஓல் ஃபிஃப்டி-ஃபைவ்’ உனக்குத் தெரிந்ததுதான். காதலியின் வீட்டிலிருந்து விடியற்காலை பழைய காரில் திரும்புகிறவன் பாடுவது. அடுத்த வருஷமே ஈகிள்ஸ் குழு அதைத் தங்கள் ஆல்பத்தில் பாடியது. குரல்கள் ஒன்றோடொன்று இழைந்து வரும், இனிமைக்குக் குறைவில்லை. எனக்கு அந்த இனிமைதான் இடிக்கிறது. விடிய விடிய விழித்தவன் இவ்வளவு பதமாகவா பாடுவான்? நீ ஈகிள்ஸ் பக்கம்தான் நிற்பாய் என்று தெரியும். இரண்டையும் கேட்டுவிட்டு எழுது, சண்டையை அங்கிருந்து தொடங்கலாம்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். பேத்தியின் படம் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்