கண்காட்சித் தொலைக்காட்சிக்கு ஸ்லைடுகளை வீடியோவாக மாற்றித் தருவது குறித்து

எட்டாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு,

வணக்கம்.

சென்னையின் நீர்நிலைகளைப் பற்றி நம் எட்டாம் வகுப்பு மாணவர்கள் குழுக்களாகத் தயாரித்துவரும் பவர்பாயின்ட் ஸ்லைடுகள், பள்ளிக் கண்காட்சியன்று தரைத்தளத் தாழ்வாரத்தில் வைக்கப்படும் தொலைக்காட்சிகளில் நாள் முழுவதும் ஓடவிருக்கின்றன. அதற்காக ஒவ்வொரு குழுவும் தன் ஸ்லைடுகளை எம்பி4 வீடியோவாக மாற்றி, பென் டிரைவில் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்.

பவர்பாயின்ட் கோப்பையே கொடுத்துவிட்டால் போதாதா என்று சில பெற்றோர் கேட்டிருந்தீர்கள். தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையில் செருகும் பென் டிரைவிலிருந்து படங்களையும் வீடியோக்களையும் அது காட்டுமே தவிர, பவர்பாயின்ட் கோப்பைப் பெரும்பாலும் திறக்காது. ஒவ்வொரு தொலைக்காட்சிக்கும் ஒரு மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்து, பொத்தானை அழுத்த ஒரு மாணவரையும் உட்காரவைத்தால், அந்த மாணவர் கண்காட்சியைப் பார்ப்பது எப்போது? வீடியோவில் இன்னொரு நன்மையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வீடியோவாக மாறிய பின் எழுத்தும் படமாகிவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை.

மாற்றும் வழி எளிது. ‘ஃபைல்’ பகுதியில் ‘எக்ஸ்போர்ட்’ என்பதையும் அதனுள் ‘கிரியேட் எ வீடியோ’ என்பதையும் தேர்ந்தெடுத்து, தரத்தை 1080பி என வைத்து, எம்பி4 வடிவில் சேமித்தால் போதும். பவர்பாயின்ட் 2010 பதிப்பில் டபிள்யூஎம்வி வடிவம் மட்டுமே கிடைக்கும். அதைப் பல தொலைக்காட்சிகள் ஏற்பதில்லை என்பதால் 2013 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் பயன்படுத்துங்கள். திரையின் அடியில் ஓடும் கோடு முடியும்வரை கணினியை மூட வேண்டாம்.

மாணவர்கள் உண்மையில் யோசிக்க வேண்டியது நேரத்தைப் பற்றித்தான். நாமாக எதையும் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் 5 விநாடி என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் என்ற தலைப்பு மட்டும் உள்ள முதல் ஸ்லைடுக்கு 5 விநாடி அதிகம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் அந்நிலம் 2022இல் இடம்பெற்றதையும் அங்கு வரும் பறவைகளையும் சொல்லும் அடுத்த ஸ்லைடை அதே 5 விநாடியில் படித்து முடிக்க எவராலும் இயலாது. ஆகவே ‘ஸ்லைடு ஷோ’ பகுதியிலுள்ள ‘ரிஹர்ஸ் டைமிங்ஸ்’ வசதியைத் திறந்து, ஒவ்வொரு ஸ்லைடையும் மாணவர் வாய்விட்டு ஒருமுறை நிதானமாகப் படித்து முடித்த பின்பே அடுத்ததற்குச் செல்லட்டும். அந்த நேரங்கள் பதிவாகி வீடியோவிலும் அப்படியே வரும்.

குரலையும் பதிவு செய்யும் குழுக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு ஸ்லைடு மறைந்து அடுத்தது தோன்றும் இடைவெளியில் பவர்பாயின்ட் ஒலியைப் பதிவு செய்வதில்லை. பேச்சை முடிக்கும் முன்பே பொத்தானை அழுத்தினால், ‘சதுப்பு நிலம்’ என்பது ‘சதுப்பு நி’ என்று அறுந்து நிற்கும். ஒவ்வொரு ஸ்லைடின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மூச்சு விடும் நேரம் மௌனமாக இருக்கச் சொல்லுங்கள். பின்னணியில் திரைப்பாடல் வேண்டாம். தொலைக்காட்சிகள் வரிசையாக ஒரே தாழ்வாரத்தில் இருப்பதால் எந்தக் குழுவின் பேச்சும் யார் காதிலும் விழாமல் போகும்.

ஸ்லைடின் அளவு 16:9 ஆக இருக்கட்டும். 4:3 என்றால் திரையின் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். சில தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களைச் சற்று வெட்டிவிடுவதால், எழுத்துகளை விளிம்பை ஒட்டி வைக்க வேண்டாம். பார்வையாளர்கள் பத்தடி தள்ளி நின்று பார்ப்பார்கள் என்பதை மனத்தில் கொண்டு எழுத்தைப் பெரிதாக வைத்து, சொற்களைக் குறைக்கட்டும். சொடுக்கினால் வேறு பக்கத்துக்குத் தாவும் இணைப்புகள் வீடியோவில் வேலை செய்யா.

இவ்வேலையைக் கடையில் கொடுத்துச் செய்து வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த ஸ்லைடில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைத் தீர்மானிப்பதும் மாணவரின் படைப்பில் ஒரு பகுதிதான். மதிப்பெண்ணும் அதற்கு உண்டு. வீட்டில் கணினி இல்லாத குழுக்கள் மாலையில் வகுப்புகள் முடிந்தபின் பள்ளிக் கணினி ஆய்வகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கணினி ஆசிரியர் உடனிருப்பார்.

கோப்பின் பெயராகக் குழு எண்ணை மட்டும் வைத்து, பென் டிரைவில் வேறு கோப்புகள் ஏதுமின்றிக் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் அதற்கு முன் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்