எடுத்துக்கொண்டால் எழுதிக் கொடுங்கள்: விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

விமானப் பயணப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றைச் சோதனைச் சாவடிகளில் நடைமுறைப்படுத்தும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு ஏன் வந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் அம்பலமானது. அதற்குப் பிறகுதான், கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவம் கூடாது என்ற 100 மில்லி விதியே வந்தது. அந்தச் சதி நிறைவேறியிருந்தால் எத்தனை குடும்பங்கள் சிதைந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால் சோதனையே வேண்டாம் என்று கேட்க இதை எழுதவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னால் திறக்கிறோம். பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறோம். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நிற்கிறோம்.

நான் கேட்பது இரண்டே விஷயம். ஒரு பொருளை ஒரு சாவடியில் அனுமதித்தால், அதே விதி உள்ள அடுத்த சாவடியிலும் அனுமதியுங்கள். ஒரு பொருளைப் பயணியிடமிருந்து எடுத்துக்கொண்டால், எந்த விதியின் கீழ் எடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

இதை எழுத வைத்தது, மருந்தைக் குளிர வைக்க என் அப்பா கொண்டுபோன ஜெல் பேக்.

அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அக்கா வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்காக அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. சரக்கு அறையின் குளிரில் உறைந்துவிட்டால் அந்த மருந்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஆகவே கைப்பையில், உறைய வைத்த ஜெல் பேக்குகளுக்கு நடுவில் துணி சுற்றி, மருத்துவரின் கடிதத்தையும் மருந்துச் சீட்டையும் மேலேயே தெரியும்படி வைத்துக் கொண்டுபோனோம்.

முதல் விமான நிலையத்தில் ஒரு பெண் அலுவலர் கடிதத்தைப் படித்தார். பையைத் தனியாக ஒரு முறை ஸ்கேன் செய்தார். "பத்திரமா கொண்டு போங்க" என்று திருப்பிக் கொடுத்தார். சோதனை என்றால் அதுதான் சோதனை. அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அடுத்து, விமானம் மாறும் இடம். அங்கிருந்த அலுவலர் கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. ஜெல் பேக்கை விரலால் அழுத்திப் பார்த்தார். பல மணி நேரம் பறந்து வந்தது, இளகியிருந்தது. "இது ஜெல். ஜெல் திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேல் இருக்கிறது" என்றார். மருந்துக்காக வைத்திருக்கிறோம் என்றேன். "கல்லு மாதிரி உறைந்திருந்தால் விட்டிருப்பேன்" என்றார். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். அவர் வந்து, அலுவலர் எடுப்பதே இறுதி முடிவு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இன்சுலினை எங்களிடம் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்த குளிரைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள்.

மருத்துவத் தேவைக்கான திரவங்களுக்கு 100 மில்லி வரம்பு கிடையாது என்று உங்கள் விதிகளிலேயே இருக்கிறது. அமெரிக்க விதி, ஐரோப்பிய விதி இரண்டிலும் இந்த விலக்கு உண்டு. மருந்தைக் குளிர வைக்கும் ஜெல் பேக் இளகியிருந்தாலும் கொண்டுபோகலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படியிருக்க, அன்று எங்களைத் தடுத்தது எந்த விதி?

அப்பா அப்போது பெல்ட் இல்லாமல், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, வெறும் காலோடு நின்றிருந்தார். நான் வாதாடுவது அவருக்குத்தான் சங்கடமாக இருந்தது. "விடும்மா, பின்னாடி ஜனங்க நிக்கிறாங்க" என்றார். தன் மருந்து கெட்டுப்போவதைவிடப் பின்னால் நிற்பவர்களின் தாமதம் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. உங்கள் சாவடியில் பெரும்பாலான பயணிகள் இப்படித்தான் அடங்கிப் போகிறார்கள். அவர்கள் பேசாமல் போனார்கள் என்பதற்காக நடந்தது சரியென்று ஆகிவிடாது.

அடுத்த விமானத்தில் பணிப்பெண்கள் ஒரு பையில் ஐஸ் கட்டி கொடுத்தார்கள். ஐஸ் நேராகப் பட்டாலும் இன்சுலின் உறைந்துவிடும் என்பதால் துண்டில் சுற்றி, வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். போய்ச் சேர்ந்ததும் மருத்துவரிடம் காட்டினோம். கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம், ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதுதான் தெரியவரும், அந்த வயதில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்றார். சில மாதங்களுக்கு வைத்திருந்த அத்தனையையும் போட்டுவிட்டு, புதிய ஊரில் புதிய சீட்டு எழுதி வாங்கினோம்.

அப்புறம் புகார் எழுதினேன். விமான நிலையம், சோதனை எங்கள் பொறுப்பில் இல்லை என்றது. பாதுகாப்பு முகமை, ஆட்களை அனுப்புவது ஒப்பந்த நிறுவனம் என்றது. ஒப்பந்த நிறுவனம், எந்த வரிசை, எந்த அலுவலர், எந்த விதி என்று கேட்டது. இந்த மூன்றில் ஒன்றாவது தெரிந்திருந்தால் நான் ஏன் அவர்களிடம் கேட்கப் போகிறேன்? என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பொருளை எடுத்துக்கொண்டதற்கே ஆதாரம் கிடையாது. கடைசியில், பயணிகளின் பாதுகாப்பே தங்கள் முதல் நோக்கம் என்று ஒரு பதில் வந்தது. நான் எழுதியது ஒரு பயணியின் உடல்நலம் பற்றி. அந்தப் பதிலில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். எடுத்துக்கொண்டால் எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம், சாவடி எண், பொருளின் பெயர், விதியின் எண். இந்த ஐந்து விவரமும் அலுவலரின் அடையாளமும் அடங்கிய ஒரு சீட்டு. அலுவலரின் பெயர்கூட வேண்டாம், அவருடைய பணி எண் போதும். விதி எண்ணை எழுத வேண்டும் என்று வந்தாலே, இல்லாத விதியின் பேரில் எதையும் எடுக்கும் பழக்கம் பெருமளவு நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சோதனை கணிக்க முடியாததாக இருக்க வேண்டும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் சதிகாரன் அதைப் படித்துவிடுவான் என்பீர்கள். நியாயமான கருத்துதான். ஆனால் எதைக் கணிக்க முடியாமல் வைப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. யாரைத் தனியே அழைப்பது, யாருடைய பையைத் திறப்பது, யார் கையில் வெடிமருந்துத் தடயம் துடைத்துப் பார்ப்பது என்பதெல்லாம் கணிக்க முடியாததாகவே இருக்கட்டும். எந்தப் பொருளைக் கொண்டுவரலாம் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இளகிய ஜெல் பேக்கை இங்கே விட்டு அங்கே எடுப்பதால் எந்தச் சதிகாரனும் குழம்பப் போவதில்லை. குழம்புவது என் அப்பா போன்றவர்கள்.

திரவ விதியையே பாருங்கள். பொருளை முப்பரிமாணத்தில் காட்டி அதன் அடர்த்தியையும் அளக்கும் சி.டி. ஸ்கேனர்கள் வந்த பிறகு, ஐரோப்பாவில் சில விமான நிலையங்கள் 100 மில்லி வரம்பைத் தளர்த்தின. 2024 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த இயந்திரங்களிலும் வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் குறிப்பிட்ட இயந்திரங்களுக்கு மறுபடி தளர்த்தியது. அதே மாதம் பிரிட்டனில் எடின்பரோவும் பர்மிங்காமும் 2 லிட்டர் வரை அனுமதிக்கத் தொடங்கின. தொழில்நுட்பம் மாறும்போது விதி மாறுவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் போகும்போது 2 லிட்டர், திரும்பும்போது 100 மில்லி என்றால், எந்த நிலையத்தில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று பயணி எப்படித் தெரிந்துகொள்வார்? டிக்கெட்டிலும் இல்லை, போர்டிங் பாஸிலும் இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது.

ஒரே நிலையத்துக்குள்ளும் இதே நிலைமைதான். ஒரு வரிசையில் லேப்டாப்பை வெளியே எடுக்கச் சொல்கிறார்கள், பக்கத்து வரிசையில் எடுத்தால் அதட்டுகிறார்கள். பழைய எக்ஸ்ரே தட்டையான படம்தான் தரும், லேப்டாப்புக்குப் பின்னால் இருப்பது மறைந்துவிடும், அதனால் எடுக்க வேண்டும். புதிய இயந்திரத்துக்கு அது தேவையில்லை. இவ்வளவுதான் காரணம். இதை வரிசையின் தலைப்பில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் அதட்ட வேண்டிய அவசியமே இருக்காது. நாள் முழுக்க நின்றுகொண்டு ஒரே வாக்கியத்தைக் கத்திக்கொண்டிருக்கும் அலுவலர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்களையும் இந்தக் குழப்பத்தில் நிறுத்தியவர்கள் விதி எழுதுகிறவர்கள்தான்.

பவர் பேங்க் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை இழந்துதான் எழுதுகிறேன். பொதுவான வரம்பு 100 வாட்-மணி, அதாவது அது சேமிக்கும் ஆற்றலின் அளவு. சந்தையில் விற்கும் பவர் பேங்குகளிலோ மில்லி ஆம்பியர்-மணிதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. 20,000 என்ற எண்ணைப் பார்த்ததும் சில அலுவலர்கள் அது வரம்பு மீறியது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வழக்கமான 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணிதான், வரம்புக்குள் நன்றாகவே அடங்கும். இந்தக் கணக்கைச் சாவடியில் ஒட்டி வைக்க என்ன தடை? சீனாவில் 2025 ஜூனில், அந்நாட்டின் கட்டாயப் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்க் உள்நாட்டு விமானங்களில் கூடாது என்று அறிவித்து, இரண்டே நாளில், 28ஆம் தேதி முதல், நடைமுறைப்படுத்தினார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தீப்பிடித்ததையும், பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று சொல்லப்பட்டதையும் பார்த்த பிறகு கவலை இருப்பது இயல்புதான். விதி வரட்டும். ஏற்கெனவே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டவருக்கு அது எப்படித் தெரியவரும் என்பதையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டாமா?

கைப்பையில் அனுமதிக்கும் கத்தரிக்கோல் அலகின் நீள வரம்பு ஐரோப்பாவில் 6 சென்டிமீட்டர், அமெரிக்காவில் 4 அங்குலம். விமான நிலையக் கடையிலேயே வாங்கி, முத்திரையிட்ட பையில் போட்டுக் கொடுத்த பாட்டிலை அடுத்த நிலையத்தில் எடுத்துக்கொண்ட கதையைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். குழந்தைக்கு எடுத்துவந்த பாலுக்காகத் தாய்மார்கள் நின்று வாதாட வேண்டியிருக்கிறது. விலக்கு தெளிவாக எழுதப்பட்டிருந்தும் இந்த நிலை.

இவ்வளவு கெடுபிடியும் உண்மையான ஆபத்தைப் பிடிக்கிறதா என்று கேட்டால் நீங்கள் வருத்தப்படலாம், ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். 2015இல் அமெரிக்காவில் தணிக்கையாளர்கள் பயணிகளைப் போல நடித்துப் போலி ஆயுதங்களையும் வெடிபொருள்களையும் கொண்டுபோய்ப் பார்த்தபோது, 70 சோதனையில் 67 முறை சாவடியைத் தாண்டிவிட்டார்கள் என்று செய்திகள் வந்தன. அலுவலரின் கவனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதை இளகிய ஜெல் பேக்குகள்மீதும் 74 வாட்-மணி பவர் பேங்குகள்மீதும் செலவழித்தால், பார்க்க வேண்டியதைப் பார்க்க மிச்சம் இருக்காது.

கோபம் என்னைக் கேட்க வந்ததிலிருந்து விலக்கிக்கொண்டு போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன்.

மான்ட்ரியலில் உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புக்கு: விமானப் பாதுகாப்பு குறித்த உங்கள் 17ஆம் இணைப்பு நாடுகளுக்கெல்லாம் குறைந்தபட்ச நெறியை வகுக்கிறது. அதற்குமேல் கடுமையாக்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை இருக்கிறது, அதில் நான் குறுக்கிடவில்லை. மருந்தும் அதைக் குளிர வைக்கும் பொருளும் சேர்ந்தே விலக்கு பெறும் என்பதையும், எடுத்துக்கொள்ளும் எந்தப் பொருளுக்கும் எழுத்துச் சீட்டு தர வேண்டும் என்பதையும் அந்தக் குறைந்தபட்ச நெறியில் சேருங்கள். ஒரு நாட்டின் மருத்துவர் கையெழுத்திட்ட கடிதத்தை இன்னொரு நாட்டின் சாவடி வாங்கிப் படிக்கவாவது வேண்டும்.

நாடுகளின் பாதுகாப்பு முகமைகளுக்கு: உங்கள் ஒவ்வொரு நிலையத்திலும், ஒவ்வொரு முனையத்திலும் இன்றைக்கு என்ன வரம்பு என்பதைப் பயணத்துக்கு முன்பே பயணிக்குச் சேரும்படி செய்யுங்கள். விமான நிறுவனம் போர்டிங் பாஸ் அனுப்பும்போது, வழியில் விமானம் மாறும் நிலையத்தின் வரம்பையும் சேர்த்து அனுப்பலாம். அலுவலர் எடுப்பதே இறுதி முடிவு என்ற வாசகத்தை உங்கள் பக்கங்களில் பார்க்கிறேன். அந்த இடத்தில் யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும், சரி. முடிவெடுத்தவர் அதற்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திடட்டும்.

சாவடி மேற்பார்வையாளர்களுக்கு: உங்களை ஒருவர் அழைத்தால், அவர் நீட்டும் காகிதத்தை வாங்கிப் பாருங்கள். அதற்கு எந்தப் புதிய விதியும் தேவையில்லை.

அப்பா திரும்பி வரும் நாள் நெருங்குகிறது. அதே வழி, அதே இடத்தில் விமானம் மாற வேண்டும். ஜெல் பேக்கை அங்கே கொண்டுவரலாமா கூடாதா என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். ஆம் என்றாலும் இல்லை என்றாலும், விதி எண்ணோடு, அவர் கையில் காட்டக்கூடிய மாதிரி எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் நிற்கும் ஒரு பயணி