அக்கா வயித்துல இருந்த புள்ளைக்கு எஃப்ஐஆர்ல ஒரு வரி கூட இல்ல

தமிழ்நாடு சட்டத்துறைக்கும், எங்க நீலகிரியோட மூணு எம்எல்ஏக்களுக்கும் வணக்கம்.

எங்க அக்கா தோட்டத்துல கொழுந்து பறிக்கறவ. எட்டாம் மாசம், வளைகாப்பு போட்ட வளையல் கூட கழட்டல, ஸ்கேனுக்காக ஆட்டோல கோத்தகிரிக்கு ஏறி வந்துட்டிருந்தா, மேலருந்து இறங்குன ஒரு கார் வளைவுல ஓவர்டேக் பண்ணி நேரா வந்து அடிச்சுது. மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்னு இங்க சின்னப் பசங்களுக்கே தெரியும். அக்கா பொழச்சுட்டா. புள்ள வயித்துக்குள்ளயே போயிடுச்சு, பொம்பளப் புள்ள.

ஸ்டேஷன்ல அக்காவுக்குப் பட்ட காயத்துக்கு மட்டுந்தான் கேஸ். புள்ளைக்கு என்னன்னு கேட்டா சட்டத்துல இடமில்லன்னாங்க. நம்பாம வக்கீல்கிட்ட போனேன், அவர் புக்கையே எடுத்துக் காட்டினார். 1860ல எழுதுன ஐபிசி, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டம், அதோட 299வது பிரிவுல இருந்த விளக்கம் 3, அதுக்குப் பதிலா 2024 ஜூலை 1ல வந்த பிஎன்எஸ்ல (பாரதிய நியாய சன்ஹிதா) 100வது பிரிவுல அப்படியே இருக்கு: தாய் வயித்துல இருக்கற புள்ள சாகக் காரணமானா அது கொலைக்குற்றம் ஆகாது, ஆனா புள்ளையோட ஏதாவது ஒரு பாகம் வெளிய வந்திருந்தா, மூச்சே விடலன்னாலும் ஆகலாம். இத படிச்சுட்டு ரெண்டு நாள் நான் சரியா சாப்பிடல.

வயித்துப் புள்ளைய சாகடிச்சா தண்டிக்க அதே பிஎன்எஸ்ல 92வது பிரிவு இருக்கே, 10 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டேன்னு நீங்க சொல்லலாம். ஆனா அதுக்கு, தாய் செத்திருந்தா கொலைக்குற்றம் ஆகியிருக்கும்ங்கற மாதிரி, தெரிஞ்சே செஞ்ச செயலா இருக்கணும். கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி வந்து இடிச்சா, அஜாக்கிரதையால சாவு உண்டாக்குறதுக்கான 106வது பிரிவுதான், அதுவும் செத்தது ஒரு 'நபரா' இருந்தாத்தான். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எங்க புள்ள விழுந்துடுச்சு. விபத்து நஷ்டஈட்டு கேஸ்ல வயித்துப் புள்ளையையும் ஒரு உயிரா எண்ணி டெல்லி ஹைகோர்ட் பணம் குடுக்கச் சொல்லியிருக்கு, அப்போ காசுக்கு மட்டும் உயிர், தண்டனைக்கு இல்லையா?

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், கருக்கலைப்பு வேணும்னு ஒரு பொண்ணு எடுக்கற முடிவுல கைவைக்கச் சொல்லல, 1971 சட்டம் அவளுக்குக் குடுத்த உரிமை அப்படியே இருக்கட்டும். அவ சம்மதமே இல்லாம, அடுத்தவன் அஜாக்கிரதையால, மாசம் நெறஞ்ச புள்ளைய இழந்தா அதுக்குன்னு தனியா ஒரு பிரிவு வேணும், அவ்ளோதான். குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநில அரசும் ரெண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியல்ல இருக்கு, மாநிலமே திருத்தம் போட்டு ஜனாதிபதி ஒப்புதலுக்கு அனுப்பலாம்.

மூணு பேர்ல ஒருத்தராவது சட்டசபைல இத கேளுங்க. நேர்ல விசாரிக்கணும்னா வாங்க, அக்காவே பேசறேன்னு சொல்லியிருக்கா, சாயங்காலம் பறிச்ச கொழுந்த எடை போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவா.