பத்துக்குப் பன்னிரண்டு அறையும் டவர் ஸ்பீக்கரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரியில் லட்சக்கணக்கில் கொடுத்து, தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கீழே கோவைக்குப் போய், கடையின் விசாலமான ஹாலில் கேட்டுவிட்டு முடிவு செய்கிறார்கள். அதே ஸ்பீக்கர் குன்னூரிலோ கோத்தகிரியிலோ 10-க்கு 12 அடி அறைக்குள் வந்ததும் பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி, கலங்கிப் போகிறது. பழி ஆம்ப்ளிஃபையர் மேல் விழுகிறது. அதற்கும் ஒரு தொகை செலவாகிறது. முதலில் அளக்க வேண்டியது அறையை.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களின் இடைவெளியை மீட்டரில் இரட்டித்து, அந்த எண்ணால் 343-ஐ வகுத்தால், அறை எந்த அதிர்வெண்ணில் முழங்கும் என்று தெரிந்துவிடும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 56. பேஸ் கிதாரின் 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பேஸ் கிதார் ஓட்டத்தில் அந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் அறையே அதிர்கிறது என்றால் குறை ஸ்பீக்கரில் இல்லை. சதுர அறை இன்னும் மோசம், இரண்டு முழக்கமும் ஒரே அதிர்வெண்ணில் விழும். குளிருக்காக ஜன்னலைச் சாத்தியே வைக்கும் கல்சுவர் வீடுகளில் பேஸ் வெளியேற வழியும் இல்லை.

இந்த அளவு அறைக்கு 8, 10 அங்குல ஊஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) வைத்த பெரிய டவர் வேண்டாம். அதன் ஊஃபரும், கீச்சொலி தரும் ட்வீட்டரும் இசைந்து ஒலிக்க இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். நமக்குக் கிடைப்பது இரண்டு மீட்டர்தான். 5 முதல் ஆறரை அங்குல ஊஃபர் கொண்ட ஒல்லியான டவர் போதும். போர்ட் எனும் காற்றுத் துளை இல்லாத, முழுக்க மூடிய பெட்டி கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுக்கலாம். அதில் பேஸ் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வீதம் மெதுவாகக் குறையும், சின்ன அறை அதை ஈடுகட்டிவிடும். போர்ட் உள்ளதென்றால், அதை அடைக்கும் ஃபோம் அடைப்பானும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். முன்பக்க போர்ட் இருந்தால் சுவரோடு ஒட்டி வைக்கலாம் என்பதை நம்ப வேண்டாம். பேஸ் எல்லாத் திசையிலும்தான் பரவுகிறது. பின்சுவரிலிருந்து இரண்டடி அவசியம். நாற்காலிக்கும் அதன் பின்னால் மூன்றடி விடுங்கள்.

பழைய பங்களாக்களின் பலகைத் தரையில் ஸ்பீக்கரின் கூர்முனை ஸ்பைக் கால்களை நேரே ஊன்றினால் தரை தவில் போல ஒலிக்கும். பாட்டு ஓடும்போது வெறுங்காலை வைத்தாலே தெரியும். ஸ்பைக்குக்குக் கீழே கடப்பாக் கல், கல்லுக்குக் கீழே கெட்டி ரப்பர் வையுங்கள். ஊஃபர் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ரப்பராக இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் ஃபோம் விளிம்பு சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும்.

கம்பளமும் திரையும் ட்வீட்டர் ஒலியை மட்டுமே உறிஞ்சும். பேஸ் அடங்க வேண்டுமானால் அறை மூலைகளில் தரை முதல் கூரை வரை குறைந்தது 4 அங்குலத் தடிமனில் ராக்வூல் (கல் இழை) பலகை, துணி போர்த்தி நிறுத்த வேண்டும்.

விற்பனையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளரின் பட்ஜெட்டைக் கேட்கும் முன் அறையின் நீள, அகல, உயரத்தைக் கேளுங்கள். பணம் வாங்குவதற்கு முன் இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்க விடுங்கள்.

வாசகர், குன்னூர்